‘50% ஸ்காலர்ஷிப்’ என்று போன் வருகிறதா? கல்லூரியில் பணம் கட்டும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

பிளஸ் 2 ரிசல்ட் வந்த மறுநாளே போன் அடிக்க ஆரம்பித்துவிடும். "உங்க பையன் 92 பர்சன்ட் எடுத்திருக்கானே, எங்க காலேஜ்ல 50 பர்சன்ட் ஸ்காலர்ஷிப் போட்டிருக்கோம். இந்த வாரத்துக்குள்ள வந்து சீட்டை பிளாக் பண்ணிடுங்க" என்று ஒரு குரல் சொல்லும். நீங்கள் விண்ணப்பமே போடாத கல்லூரியாகக்கூட அது இருக்கும். பிள்ளை வாங்கிய மார்க்குக்கு மரியாதை கிடைக்கிறதே என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்தான்.

சந்தோஷப்படுங்கள், தப்பில்லை. ஆனால் பணம் கட்டுவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்தியாவில் நல்ல மார்க்குக்கு உண்மையிலேயே பணம் தருகிற இடங்கள் இருக்கின்றன. டியூஷன் ஃபீஸே இல்லாமல் படிக்க வைத்து, மாதாமாதம் கையில் காசும் கொடுக்கிற நிறுவனங்கள்கூட உண்டு. அவர்கள் யாரும் போன் பண்ணிக் கூப்பிடுவதில்லை. நாம்தான் தேடிப் போக வேண்டும், அதுவும் கடைசித் தேதிக்குள்.

தள்ளுபடி வேறு, உதவித்தொகை வேறு

ஒரு உதாரணக் கணக்கு. ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் டியூஷன் ஃபீஸ் ஆண்டுக்கு ரூ.3 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 50% ஸ்காலர்ஷிப் போக நீங்கள் கட்டுவது ரூ.1.5 லட்சம். ஹாஸ்டல், மெஸ், தேர்வுக் கட்டணம், லேப், ‘இதர கட்டணங்கள்’ எல்லாம் சேர்த்து இன்னொரு ரூ.1.25 லட்சம். இதில் தள்ளுபடி கிடையாது. ஆக, ஆண்டுக்கு ரூ.2.75 லட்சம், நான்கு ஆண்டுக்கு ரூ.11 லட்சம்.

இப்போது அந்தச் சலுகைக் கடிதத்தின் கீழே சின்ன எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். ‘ஒவ்வொரு ஆண்டும் 8.5 சிஜிபிஏ இருந்தால் மட்டுமே தொடரும்’ என்று இருக்கலாம். பள்ளியில் 92 எடுத்த பிள்ளை, புது ஊர், புது ஹாஸ்டல், ஆங்கில வழிப் பாடம் என்று முதல் ஆண்டில் தடுமாறி 8.1 எடுத்தால்? இரண்டாம் ஆண்டிலிருந்து முழு ஃபீஸ். மொத்தச் செலவு ரூ.15.5 லட்சமாகிவிடும். வித்தியாசம் ரூ.4.5 லட்சம். அதற்குள் வேறு கல்லூரிக்கு மாறவும் முடியாது.

இதையே ஒரு என்ஐடி-யோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே பி.டெக் டியூஷன் ஃபீஸ் ஆண்டுக்கு ரூ.1.25 லட்சம். குடும்ப ஆண்டு வருமானம் ரூ.1 லட்சத்துக்கும் ரூ.5 லட்சத்துக்கும் இடையில் இருந்தால், அதில் மூன்றில் இரண்டு பங்கைக் கழித்துவிடுகிறார்கள். கட்ட வேண்டியது சுமார் ரூ.41,700 மட்டும். வருமானம் ரூ.1 லட்சத்துக்குக் கீழ் என்றால் டியூஷன் ஃபீஸே கிடையாது. எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு வருமானம் எதுவானாலும் டியூஷன் ஃபீஸ் முழு விலக்கு. ஐஐடி-களிலும் இதே விதிதான், அங்கே டியூஷன் ஃபீஸ் ரூ.2 லட்சம். ஹாஸ்டலும் மெஸ்ஸும் தனிச் செலவு, அது எங்கே போனாலும் உண்டு.

இதற்கு யாரும் ‘ஸ்காலர்ஷிப்’ என்று பேனர் கட்டுவதில்லை. விதியாக இருப்பதால் யாரிடமும் போய் நிற்க வேண்டியதும் இல்லை. எத்தனை சதவீதம் கழிக்கிறார்கள் என்பதைவிட, படிப்பு முடியும் வரை உங்கள் கையிலிருந்து மொத்தம் எவ்வளவு போகும் என்பதுதான் கேள்வி. கட்டணமே குறைவான அரசுக் கல்லூரி, ஸ்காலர்ஷிப் தரும் தனியார் கல்லூரியைவிடப் பல நேரம் மலிவாக முடியும்.

சலுகைக் கடிதத்தில் என்ன பார்க்கணும்?

தனியார் கல்லூரி எல்லாமே மோசம் என்று சொல்ல வரவில்லை. எழுத்தில் வாங்குங்கள் என்பதுதான் விஷயம். தள்ளுபடி டியூஷன் ஃபீஸுக்கு மட்டுமா, மொத்தக் கட்டணத்துக்கா? முதல் ஆண்டுக்கு மட்டுமா, எல்லா ஆண்டுக்குமா? ஃபீஸ் ஆண்டுதோறும் ஏறினால் தள்ளுபடியும் ஏறுமா, அல்லது இத்தனை ரூபாய் என்று நின்றுவிடுமா? ஒரு பாடத்தில் அரியர் விழுந்தால் என்ன ஆகும்? ஒருமுறை போனால் அடுத்த ஆண்டு நல்ல மார்க் எடுத்துத் திரும்பப் பெற முடியுமா? இந்தக் கேள்விகளுக்கு ஈமெயிலில் பதில் கேளுங்கள். "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்பது பதில் இல்லை.

இன்னொரு கேள்வியைப் பலரும் கேட்பதில்லை. போன ஆண்டு இந்த ஸ்காலர்ஷிப்போடு சேர்ந்தவர்களில் எத்தனை பேருக்கு இரண்டாம் ஆண்டும் கிடைத்தது? அட்மிஷன் ஆபீஸில் தயங்கினால், சீனியர் மாணவர்கள் யாரையாவது பிடித்துக் கேளுங்கள்.

சயின்ஸ் படிக்க நினைக்கிறீர்களா? இங்கேதான் பணம் இருக்கிறது

நம் வீடுகளில் மார்க் எடுத்த பிள்ளை என்றால் இன்ஜினீயரிங், இல்லாவிட்டால் மெடிக்கல். ஆனால் மார்க்குக்காகவே கொடுக்கப்படும் உதவித்தொகையில் தாராளமான சில, அடிப்படை அறிவியல் படிப்புகளில்தான் இருக்கின்றன.

மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ‘இன்ஸ்பயர்’ உயர்கல்வி உதவித்தொகை அதில் முக்கியமானது. உங்கள் போர்டின் பிளஸ் 2 தேர்வில் முதல் 1% இடத்துக்குள் வந்து, பி.எஸ்சி அல்லது ஒருங்கிணைந்த எம்.எஸ்சி-யில் இயற்பியல், வேதியியல், கணிதம், புள்ளியியல், தாவரவியல், விலங்கியல் போன்ற பாடங்களை எடுத்தால் ஆண்டுக்கு ரூ.80,000. இதில் ரூ.60,000 நேராக வங்கிக் கணக்குக்கு வரும். மீதி ரூ.20,000 கோடை விடுமுறையில் ஒரு ஆய்வுத் திட்டம் செய்வதற்கு. அதிகபட்சம் 5 ஆண்டு வரை, ஆண்டுக்கு 12,000 பேர் வரை. ஜேஇஇ, நீட் தேர்வுகளில் முன்னணி ரேங்க் எடுத்துவிட்டு அடிப்படை அறிவியலுக்கு வருகிறவர்களுக்கும் வழி உண்டு.

இதில் கவனிக்க வேண்டியது, நீங்கள் எந்தக் கல்லூரியில் சேர்ந்தீர்கள் என்பதைவிட எந்தப் பாடம் எடுத்தீர்கள் என்பதே முக்கியம். ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய் ஃபீஸ் வாங்கும் ஒரு அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி கணிதம் சேர்ந்தாலும் தகுதி இருந்தால் பணம் வரும். ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் போகக் கையில் மிச்சம்கூட நிற்கலாம். ஆனால் அதே பிள்ளை பி.எஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸோ பயோடெக்னாலஜியோ எடுத்தால் கிடையாது, பி.டெக்-குக்கும் கிடையாது. சேர்ந்த பிறகு இதைத் தெரிந்துகொண்டு பயனில்லை.

அணுசக்தித் துறையின் கீழ் வரும் இரண்டு நிறுவனங்கள், புவனேஸ்வரில் உள்ள நைசர், மும்பைப் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள சிஇபிஎஸ். ‘நெஸ்ட்’ என்ற நுழைவுத்தேர்வு எழுதி ஐந்தாண்டு ஒருங்கிணைந்த எம்.எஸ்சி-யில் சேர வேண்டும். சேருகிற மாணவர்களுக்கு ‘திஷா’ திட்டத்தில் ஆண்டுக்கு ரூ.60,000, கூடவே கோடைக்காலப் பயிற்சிக்கு ரூ.20,000. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் நான்காண்டு இளநிலைப் படிப்பில் டியூஷன் ஃபீஸ் ஆண்டுக்கு ரூ.10,000தான். பக்கத்துத் தெரு நர்சரி பள்ளி இதைவிட அதிகம் வாங்கும்!

கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியப் புள்ளியியல் கழகத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். கொல்கத்தாவில் பி.ஸ்டாட், பெங்களூருவில் பி.மேத். இந்தப் படிப்புகளுக்கு டியூஷன் ஃபீஸ் வாங்காமல் மாத உதவித்தொகையும் கொடுத்து வந்திருக்கிறார்கள். சமீப ஆண்டுகளின் கையேடுகளில் அது மாதம் ரூ.5,000. செமஸ்டர் தேர்வில் சறுக்கினால் குறைப்பார்கள், நிறுத்தவும் செய்வார்கள். அதன் நுழைவுத்தேர்வு முழுக்கக் கணிதம், மனப்பாடம் உதவாது. கணக்கில் உண்மையான ருசி இருக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால், பத்தாம் வகுப்பிலேயே இந்தப் பெயரைச் சொல்லி வையுங்கள். பிளஸ் 2 ரிசல்ட்டுக்குப் பிறகு தேடினால், விண்ணப்பத் தேதி முடிந்திருக்கும்.

இன்ஜினீயரிங்கில் ஃபீஸ் இல்லாத 5% சீட்

ஏஐசிடிஇ அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளில் ‘டியூஷன் ஃபீ வெய்வர்’ என்று ஒரு திட்டம் இருக்கிறது. வழக்கமான இடங்களுக்கு மேல் 5% கூடுதல் இடங்கள், டியூஷன் ஃபீஸ் கிடையாது. பெற்றோரின் ஆண்டு வருமானம் ரூ.8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்பது ஏஐசிடிஇ விதி. சில மாநிலங்கள் இந்த வரம்பை இன்னும் குறைத்து வைத்திருக்கின்றன, மேற்கு வங்கத்தில் ரூ.2.5 லட்சம். மாநில கவுன்சிலிங் மூலம் மெரிட் வரிசையில்தான் கொடுப்பார்கள். மகாராஷ்டிரா கவுன்சிலிங்கில் இது தனிப் பட்டியலாகவே வரும். இலவச சீட் ஆச்சே, நல்ல ரேங்க் எடுத்தவர்களும் மொய்ப்பார்கள். அதனால் கட்-ஆஃப் பொதுப்பிரிவைவிட உயரமாகப் போவதும் சகஜம். சேர்ந்த பிறகு கல்லூரியையோ பிரிவையோ மாற்ற முடியாது.

பெண் பிள்ளைகளுக்கு ஏஐசிடிஇ-யின் ‘பிரகதி’ ஆண்டுக்கு ரூ.50,000. குடும்ப வருமானம் ரூ.8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை. 40 சதவீதத்துக்குக் குறையாத மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கு இதே தொகையில் ‘சக்ஷம்’ உண்டு.

எஸ்சி மாணவர்களுக்கு மத்திய அரசின் ‘டாப் கிளாஸ்’ திட்டம் பலருக்கும் தெரியாமலே போகிறது. ஐஐடி, ஐஐஎம், தேசிய சட்டப் பல்கலைக்கழகம் போன்று அரசு அறிவித்த பட்டியலில் உள்ள நிறுவனத்தில் சேர்ந்து, குடும்ப வருமானம் ரூ.8 லட்சத்துக்குள் இருந்தால், டியூஷன் ஃபீஸையும் திரும்பக் கிடைக்காத கட்டணங்களையும் அரசே ஏற்கிறது. தனியார் நிறுவனம் என்றால் ஆண்டுக்கு ரூ.2 லட்சம் வரை. அது போக முதல் ஆண்டு ரூ.86,000, அடுத்தடுத்த ஆண்டுகளில் ரூ.41,000 படிப்புச் செலவுக்கு. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் இத்தனை இடம் என்று கணக்கு இருக்கிறது, அதனால் சேர்ந்த உடனே விண்ணப்பிப்பது நல்லது. எஸ்டி மாணவர்களுக்கும் இதேபோலத் தனித் திட்டம் உண்டு.

ஆர்ட்ஸ், காமர்ஸ் மாணவர்களுக்கு?

உண்மையைச் சொன்னால், இந்தப் பக்கம் பெரிய தொகை குறைவு. ஆனால் ஃபீஸும் குறைவு. 2022 முதல் க்யூட் தேர்வு வழியாக மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளநிலைப் படிப்புகளில் சேரலாம். டெல்லி ஜேஎன்யூ-வில் டியூஷன் ஃபீஸ் ஆண்டுக்குச் சில நூறு ரூபாய்தான். ஹைதராபாத், புதுச்சேரி, பனாரஸ் என்று வாய்ப்புகள் உண்டு. ஒரே ஒரு எச்சரிக்கை: ஃபீஸ் மலிவு என்பதால் ஊரும் மலிவு என்று நினைத்துவிடாதீர்கள். டெல்லிப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் பலவற்றில் ஹாஸ்டல் இடம் சொற்பம். வெளியே அறை எடுத்தால் மூன்று மாத வாடகை, மூன்று வருட ஃபீஸை விழுங்கிவிடும். சேரும் முன் ஹாஸ்டல் கிடைக்குமா என்று கேளுங்கள்.

எந்தப் பாடப்பிரிவுக்கும் பொருந்துவது, மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கல்லூரி மாணவர் உதவித்தொகை. ஆண்டுக்கு 82,000 புதிய மாணவர்கள், அதில் பாதி பெண்களுக்கு. பட்டப்படிப்பின் முதல் 3 ஆண்டு ரூ.12,000 வீதம், முதுநிலையில் ரூ.20,000. பி.டெக் என்றால் நான்காம் ஆண்டு ரூ.20,000. குடும்ப வருமானம் ரூ.4.5 லட்சத்தைத் தாண்டக் கூடாது. தொலைதூரக் கல்வியில் சேர்ந்தவர்களுக்கு இல்லை.

இதற்கு ‘80 பெர்சன்டைல்’ வேண்டும் என்பதைப் பார்த்ததும் 80 மார்க் என்று நினைத்து விண்ணப்பிப்பவர்களும் உண்டு, 79 தானே என்று விட்டுவிடுபவர்களும் உண்டு. இரண்டுமே தப்பு. உங்கள் போர்டில், உங்கள் பிரிவில் தேர்வு எழுதிய 100 பேரை மார்க் வரிசையில் நிறுத்தினால் 80 பேர் உங்களுக்குப் பின்னால் இருக்க வேண்டும், அதுதான் பெர்சன்டைல். மார்க்கை அள்ளிக் கொடுக்கும் போர்டில் 85% எடுத்தவர் வெளியே நிற்கலாம், கறாரான போர்டில் 72% எடுத்தவர் உள்ளே வரலாம். அந்தக் கட்-ஆஃப் மார்க்கை உங்கள் போர்டு ஆண்டுதோறும் அறிவிக்கும். அதைப் பார்க்காமல் நீங்களாக முடிவெடுக்க வேண்டாம்.

எந்த மாநிலத்துக்காரர் நீங்கள்?

மாநில அரசுத் திட்டங்கள் நீங்கள் படிக்கப் போகும் ஊரைவிட, உங்கள் இருப்பிடச் சான்றைத்தான் முதலில் பார்க்கும். மும்பையிலோ அகமதாபாத்திலோ தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். மகாராஷ்டிராவில் 2024-25 முதல், ஆண்டு வருமானம் ரூ.8 லட்சத்துக்குள் இருக்கும் ஓபிசி, எஸ்இபிசி, பொருளாதாரத்தில் பின்தங்கிய பிரிவுப் பெண்களுக்குத் தொழிற்படிப்புகளில் டியூஷன் ஃபீஸ் முழுவதும் அரசு பொறுப்பு. குஜராத்தில் 80 பெர்சன்டைல் எடுத்து, வருமானம் ரூ.6 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு ‘முக்யமந்திரி யுவ ஸ்வாவலம்பன் யோஜனா’ பாதி டியூஷன் ஃபீஸைத் தருகிறது, பொறியியலுக்கு ரூ.50,000 வரை. சொந்த ஊர் தமிழ்நாடு என்று சாதிச் சான்று அங்கேயும், இருப்பிடம் இங்கேயும் இருந்தால் சிக்கல் வரும். தாசில்தார் ஆபீஸ் வேலையை ரிசல்ட்டுக்கு முன்பே முடித்து வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

தமிழ்நாட்டிலேயே படித்தவர்களுக்கு, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளி என்றால் 7.5% ஒதுக்கீட்டில் தொழிற்படிப்பு, டியூஷன் ஃபீஸும் ஹாஸ்டல் கட்டணமும் அரசே கட்டும். முதல் பட்டதாரிச் சலுகை ஒற்றைச்சாளர கவுன்சிலிங்கில் வந்தால்தான். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்துவிட்டு அதைக் கேட்க முடியாது. போனில் கூப்பிட்டு ‘சீட் பிளாக்’ செய்யச் சொல்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

தனியாரில் நம்பிப் போகலாமா?

ரேங்குக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே இணையதளத்தில் போட்டிருக்கும் நிறுவனங்களைப் பாருங்கள். விஐடி-யில் நுழைவுத்தேர்வு ரேங்க்படி ஐந்து கட்டணப் பிரிவுகள் இருக்கின்றன. ஒரே வகுப்பில் உட்காரும் இருவரின் ஃபீஸ் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசப்படும். பிலானி பிட்ஸ், ஒவ்வொரு போர்டிலும் முதலிடம் பிடிப்பவருக்கு நேரடி அட்மிஷன் தருகிறது. அங்கே மெரிட் உதவித்தொகையும், வருமானத்தையும் சேர்த்துப் பார்க்கும் உதவித்தொகையும் தனித்தனி. பெங்களூரு அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தில் உதவி கிடைப்பது மார்க்கை வைத்து அல்ல, குடும்ப வருமானத்தை வைத்து. சுமாரான மார்க், சிரமமான குடும்பம் என்றால் அங்கே கதவு தட்டலாம்.

கல்லூரி எதுவானாலும் விண்ணப்பிக்கக்கூடியது ரிலையன்ஸ் ஃபவுண்டேஷனின் இளநிலை உதவித்தொகை. ஆண்டுக்கு 5,000 முதலாண்டு மாணவர்கள், படிப்பு முடியும் வரை மொத்தம் ரூ.2 லட்சம் வரை. பிளஸ் 2-வில் 60% போதும், ஆன்லைன் ஆப்டிட்யூட் தேர்வு உண்டு. வருமான வரம்பு ரூ.15 லட்சம், ரூ.2.5 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு முன்னுரிமை.

தகுதி இருந்தும் பணம் வராமல் போவது எப்படி?

மத்திய அரசின் பெரும்பாலான திட்டங்களுக்கு விண்ணப்பிக்கும் இடம் நேஷனல் ஸ்காலர்ஷிப் போர்ட்டல். இலவசம்தான், யாருக்கும் கமிஷன் கொடுக்க வேண்டாம். முதலில் ஆதார் மூலம் ஒருமுறைப் பதிவு எண் வாங்க வேண்டும். வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அனுமதி கிடைத்தும் பணம் வந்து சேராது. ஆதார், மார்க்‌ஷீட், பாஸ்புக் மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊர் இனிஷியல் பழக்கத்தால் வரும் தொல்லை கொஞ்சநஞ்சமல்ல.

அதைவிடப் பெரிய ஓட்டை கல்லூரியில் இருக்கிறது. நீங்கள் சமர்ப்பித்த விண்ணப்பத்தைக் கல்லூரியின் நோடல் அதிகாரி சரிபார்த்து மேலே அனுப்பினால்தான் அது நகரும். கடைசித் தேதிக்குள் அவர் பார்க்கவில்லை என்றால் உங்கள் 95 மார்க்குக்கும் மதிப்பில்லை. எனவே விண்ணப்பித்த கையோடு பிரிண்ட் எடுத்து ஆபீஸில் கொடுத்துவிட்டு, வாரம் ஒருமுறை போர்ட்டலில் நிலவரம் பாருங்கள்.

புதுப்பித்தல் தானாக நடக்காது, ஆண்டுதோறும் விண்ணப்பிக்க வேண்டும். கல்வி அமைச்சக உதவித்தொகைக்கு 50% மார்க்கும் 75% வருகைப்பதிவும் வேண்டும். மேலே சொன்ன தனியார் கல்லூரி உதாரணத்தின் 8.5 சிஜிபிஏ-வோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். இன்னொன்று, பல திட்டங்களில் ஒரே நேரத்தில் இரண்டு உதவித்தொகை வாங்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் விண்ணப்பித்து வைக்கலாம், எது பெரியதோ அதை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் பள்ளம் இருந்தால் கடன். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த ‘பிஎம் வித்யாலட்சுமி’யில், தேர்ந்தெடுத்த தரமான நிறுவனங்களில் சேர்பவர்களுக்கு அடமானமோ ஜாமீனோ இல்லாமல் வங்கிக் கடன் கிடைக்கும். வருமானம் ரூ.8 லட்சத்துக்குள் என்றால், ரூ.10 லட்சம் வரையிலான கடனுக்குப் படிக்கும் காலத்தில் 3% வட்டி மானியம். உங்கள் கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று சேரும் முன்பே பார்த்துவிடுங்கள்.

ஏற்கெனவே பணம் கட்டியாச்சு, இப்போ வேற நல்ல இடம் கிடைச்சிருக்கு. என்ன செய்ய?

பதற வேண்டாம். யுஜிசி-யின் 2018 விதிப்படி, அட்மிஷனுக்கு அறிவிக்கப்பட்ட கடைசித் தேதிக்கு 15 நாள் அல்லது அதற்கு முன் விலகினால் முழு ஃபீஸும் திரும்ப வர வேண்டும். கழிக்கக்கூடியது, கட்டிய தொகையில் 5 சதவீதத்துக்கு மிகாமல், அதிகபட்சம் ரூ.5,000 மட்டும். கடைசித் தேதிக்கு முந்தைய 15 நாளுக்குள் என்றால் 90%. தேதி தாண்டி 15 நாள் வரை 80%, 30 நாள் வரை 50%. அதற்கு மேல் ஒன்றும் கிடைக்காது. ஏஐசிடிஇ-யின் கீழ் வரும் கல்லூரிகளுக்கும் இதுபோன்ற விதிகள் உண்டு. இந்தத் தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும், அந்தந்த ஆண்டின் சுற்றறிக்கையைப் பாருங்கள்.

ஒரிஜினல் மார்க்‌ஷீட்டையும் டிசி-யையும் பிடித்து வைத்துக்கொள்ளக் கல்லூரிக்கு உரிமை இல்லை. சரிபார்த்துவிட்டு அப்போதே திருப்பித் தர வேண்டும் என்பது விதி. தர மறுத்தால் நேரில் போய் வாக்குவாதம் செய்வதோடு நிறுத்தாமல், விலகல் கடிதத்தைத் தேதியோடு ஈமெயிலில் அனுப்புங்கள். யுஜிசி-யின் ‘இ-சமாதான்’ தளத்தில் புகார் பதியும்போது அந்தத் தேதிதான் உங்களுக்கு எத்தனை சதவீதம் திரும்ப வரும் என்பதை முடிவு செய்யும்.